ஐந்தடி நாரையும் அரைக் கிராம் பூச்சியும்

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்து வானத்தை இரண்டு விசித்திரமான பிரயாணிகள் கடந்து செல்கின்றன. ஒன்று, ஐந்தடி உயரமுள்ள வெண்ணிற நாரை. மற்றொன்று, அரைக் கிராம் எடைகூட முழுதாகத் தேறாத ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி. இரண்டும் வடக்கேயிருந்து வருகின்றன. குளிருக்குப் பயந்து தெற்கே போகின்றன. பிரயாண தூரமும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: 2,500 மைல்.

ஒற்றுமை அத்தோடு முடிந்தது. 1941-ஆம் வருஷம் அந்த நாரை இனத்தில் உலகம் முழுவதிலும் எஞ்சியிருந்தவை சுமார் 21 பறவைகள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைவிடக் குறைவு! அதே காலத்தில் அந்த வண்ணத்துப்பூச்சியை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கோடிக்கணக்கில் பறந்துகொண்டிருந்த ஒன்றை எதற்காக எண்ணுவது?

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. நாரைகள் 500-ஐத் தாண்டிவிட்டன. வண்ணத்துப்பூச்சியோ வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய நிலையில் இருந்த பறவையைப் பிழைக்க வைத்த மனிதனுக்கு, கோடிக்கணக்கில் இருந்த பூச்சியைக் காப்பாற்றுவது ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது?

முதலில் நாரையைப் பார்ப்போம்.

கூவும் நாரை

ஆங்கிலத்தில் இதற்கு 'ஊப்பிங் கிரேன்' என்று பெயர். கூவும் நாரை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். உடல் முழுவதும் வெள்ளை; இறக்கை நுனிகள் கறுப்பு; உச்சந்தலை சிவப்பு. இதன் மூச்சுக்குழாய் ஏறக்குறைய ஐந்தடி நீளம். அதில் பாதி, நெஞ்செலும்புக்குள் நாதஸ்வரக்காரர் சீவாளியைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துவதுபோலச் சுருண்டு கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் கூவல் ஒரு மைலுக்கு அப்பாலும் கேட்கும். வட அமெரிக்காவிலேயே உயரமான பறவை இதுதான்.

உயரமும் வெண்மையுமே இதற்கு எமனாயின. வேட்டைக்காரனுக்கு இதைவிடச் சுலபமான குறி ஏது? மேலும், இது தங்கும் சதுப்பு நிலங்களை வடித்து விவசாயம் செய்தார்கள். இந்தப் பறவை இரண்டு முட்டை இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். செத்ததை ஈடுகட்ட வருஷங்கள் ஆகும். லூயிஸியானா மாகாணத்தில் ஒரு சிறு கூட்டம் இருந்தது. 1940-இல் அடித்த ஒரு புயல் அதைச் சிதறடித்தது. மீந்ததும் தேய்ந்து, 1950-இல் கடைசிப் பறவை பிடிக்கப்பட்டதோடு அந்தக் கூட்டத்தின் கதை முடிந்தது. பிறகு இருந்தது ஒரே ஒரு கூட்டம்: டெக்ஸாஸ் கடற்கரையில் அரான்ஸாஸ் என்ற இடத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் கூட்டம். நல்ல வேளையாக 1937-லேயே அந்த இடத்தை அமெரிக்க சர்க்கார் சரணாலயம் ஆக்கியிருந்தது.

ஆனால் கோடைகாலத்தில் இவை எங்கே போகின்றன? கூடு எங்கே? யாருக்கும் தெரியாது. ராபர்ட் போர்ட்டர் ஆலன் என்ற பறவை நிபுணர் வருஷக்கணக்கில் தேடினார். விடை தற்செயலாகக் கிடைத்தது. 1954-இல் கனடாவின் வடபகுதியிலுள்ள உட் பஃபலோ வனத்தில் காட்டுத் தீ. அதைப் பார்க்கப் போன ஹெலிகாப்டரிலிருந்தவர்கள் கீழே சதுப்பு நிலத்தில் பெரிய வெள்ளைப் பறவைகளைக் குஞ்சோடு கண்டார்கள். அடுத்த வருஷம் ஆலன் மிகவும் சிரமப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்து கூடுகளை நேரிலேயே பார்த்தார். அந்த வனம் 1922-லேயே காட்டெருமைகளுக்காக ஒதுக்கப்பட்ட இடம். எருமைக்குப் போட்ட வேலி நாரைக்கும் காவலாக இருந்திருக்கிறது!

நாரையோடு நடனமாடிய விஞ்ஞானி

கூடு தெரிந்த பிறகு வேலை துரிதமாயிற்று. 1967 முதல், இரண்டு முட்டை உள்ள கூடுகளிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வந்து, மேரிலாந்து மாகாணத்து ஆராய்ச்சி நிலையத்தில் பொரிக்க வைத்தார்கள். எப்படியும் ஒரு குஞ்சுதானே தேறும், மற்றதை நாம் வளர்ப்போம் என்பது கணக்கு.

இதில் நடந்த கூத்துக்களைச் சொன்னால் கதை என்றே நினைப்பீர்கள். டெக்ஸ் என்று ஒரு பெண் நாரை. மிருகக்காட்சி சாலையில் மனிதர் கையில் வளர்ந்ததால் தன்னையும் மனுஷி என்றே எண்ணிக்கொண்டது. ஆண் நாரைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து நடனமாடிய பிறகுதான் முட்டை இடுவது வழக்கம். ஜார்ஜ் ஆர்ச்சிபால்டு என்ற விஞ்ஞானி என்ன செய்தார் தெரியுமா? தாமே அதன் ஜோடியாகிவிட்டார். விஸ்கான்ஸின் மாகாணத்தில் அதன் கொட்டகைக்கு அருகே குடியேறி, காலையிலும் மாலையிலும் கைகளை விரித்துக் குதித்து நடனமாடினார். 1976-இல் தொடங்கிய முயற்சி, செயற்கைக் கருவூட்டலின் துணையோடு 1982-இல்தான் பலித்தது: ஒரே ஒரு குஞ்சு. அந்தக் குஞ்சு வளர்ந்து, அதன் வம்சம் பெருகியது.

அந்த அனுபவத்தால், குஞ்சுகளை வளர்ப்பவர்கள் உடல் முழுவதையும் மறைக்கும் வெள்ளை அங்கி அணிந்து, நாரைத் தலை பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு தீனி கொடுக்க ஆரம்பித்தார்கள். குஞ்சின் எதிரில் பேசவும் தடை.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாரைக்கு வழி பிறவியிலேயே தெரிவதில்லை. முதல் வருஷம் தாய் தந்தையரின் கூடவே பறந்துதான் கற்றுக்கொள்கிறது. தாய் தந்தை இல்லாத குஞ்சுக்கு யார் வழிகாட்டுவது? 1975-இல் இடாஹோ மாகாணத்தில், வேறு வகை நாரையின் கூட்டில் இதன் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். வளர்ப்புப் பெற்றோர் வழியை நன்றாகவே சொல்லிக்கொடுத்தன. ஆனால் குஞ்சுகள் வளர்ந்ததும் தங்களையும் அந்த வேறு இனமாகவே நினைத்துக்கொண்டன; தங்கள் இனத்தோடு ஜோடி சேரவில்லை. முயற்சி வீணாயிற்று.

பிறகு 2001-இல், சிறிய விமானம் ஒன்றை ஓட்டி, அதன் பின்னால் குஞ்சுகளைப் பறக்க வைத்து, விஸ்கான்ஸினிலிருந்து ஃப்ளோரிடா வரை சுமார் 1,200 மைல் கூட்டிச் சென்றார்கள். 'வா, இதுதான் பாதை' என்று விமானம் காட்டிய வழியைப் பறவைகள் மறக்கவில்லை; வசந்த காலத்தில் தாமாகவே திரும்பி வந்தன. பதினைந்து வருஷம் இந்த ஏற்பாடு நடந்தது. அப்படி வளர்ந்த பறவைகள் தங்கள் குஞ்சுகளைச் சரியாக வளர்க்கவில்லை என்று கண்டு 2016-இல் சர்க்கார் அதை நிறுத்திவிட்டது.

வழி தெரிந்த பறவை செத்தால் வழியும் செத்துப்போகும் என்பதை நம் நாடே கண்டிருக்கிறது. ஸைபீரியாவிலிருந்து ராஜஸ்தானத்தின் பரத்பூர் ஏரிக்குக் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த வெள்ளை நாரைகள், 2002-க்குப் பிறகு வரவில்லை.

அமெரிக்க நாரைக்கு அந்தக் கதி வரவில்லை. 2023-24 குளிர்காலத்தில் அரான்ஸாஸ் பகுதியில் சுமார் 550 நாரைகள் இருந்ததாகக் கணக்கு. அபாயம் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. மின்சாரக் கம்பியில் மோதிச் சாகின்றன. துப்பாக்கிக்காரர்களும் முற்றிலும் ஒழியவில்லை. 2008-09 வறட்சியில் ஆற்று நீர் குறைந்து, கழிமுகத்தில் உப்பு ஏறி, நாரைகள் தின்னும் நீல நண்டு அருகிப்போயிற்று. 23 நாரைகள் இறந்ததாகச் சரணாலயத்தார் மதிப்பிட்டார்கள். நகரத்துக்கும் வயலுக்கும் போகும் தண்ணீரில் நாரைக்கும் பங்கு வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்தார்கள். கீழ்க் கோர்ட்டில் நாரைக்கு ஜயம். 2014-இல் அப்பீலில் தோல்வி.

எருக்கின் உறவுக்காரன்

இனி வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். இதன் பெயர் 'மொனார்க்'. பேரரசன் என்று பொருள். ஆரஞ்சு இறக்கையில் கறுப்பு நரம்புகள், ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். இதன் புழு 'மில்க்வீட்' என்ற செடியின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. கிள்ளினால் பால் வடியும் அந்தச் செடி நம் ஊர் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் எருக்கஞ்செடியிலும் இதே சாயலில், வெந்தய வரியன் என்று சொல்லப்படும் ஆரஞ்சுப் பூச்சி முட்டையிடுவதை வாசகர்கள் தங்கள் தெருக்கோடியிலேயே பார்க்கலாம். மொனார்க்கின் நெருங்கிய பந்து அது. செடியின் விஷம் புழுவின் உடம்பில் ஏறி, பூச்சியானபின்னும் நிற்கிறது. தெரியாமல் விழுங்கிய பறவை கக்கிவிட்டு, மறுமுறை ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே விலகிப்போகும்.

கோடையில் பிறக்கும் மொனார்க் சில வாரங்களே வாழும். ஆனால் கோடை முடிவில் பிறக்கும் தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை உயிரோடிருக்கும். அதுதான் கனடாவிலிருந்தும் வட அமெரிக்க மாகாணங்களிலிருந்தும் கிளம்பி மெக்ஸிகோ போகிறது. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கிவிட்டு மார்ச் மாதம் வடக்கே திரும்பி, வழியில் டெக்ஸாஸ் பக்கம் முட்டையிட்டு இறக்கிறது. அதன் பிள்ளை இன்னும் கொஞ்சம் வடக்கே. பேரன் அதற்கும் வடக்கே. இலையுதிர் காலத்தில் மறுபடி மெக்ஸிகோவுக்குக் கிளம்புவது கொள்ளுப்பேரனோ எள்ளுப்பேரனோதான். அது அந்த மலையை முன்பின் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் யாரும் உயிரோடில்லை. சூரியனை வைத்துத் திசை கண்டு, உணர்கொம்புகளில் உள்ள ஒரு வகைக் கடிகாரத்தால் நேரத்தைச் சரிசெய்துகொண்டு போகிறது.

விமானம் வைத்து வழிகாட்ட வேண்டிய நாரை எங்கே, குண்டூசித் தலை அளவு மூளையோடு தானே வழி காணும் பூச்சி எங்கே! என்னைக் கேட்டால் அதிசயத்தில் பூச்சிதான் பெரியது.

இவை போகும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கனடாவைச் சேர்ந்த ஃப்ரெட் அர்கார்ட், நோரா அர்கார்ட் தம்பதிகள் ஏறக்குறைய நாற்பது வருஷம் பாடுபட்டார்கள். ஆயிரக்கணக்கான தொண்டர்களைச் சேர்த்து, பூச்சிகளின் இறக்கையில் சிறு காகித வில்லைகளை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். அவர்களுக்கு உதவிய கென் ப்ரக்கர், மெக்ஸிகோவில் பிறந்த கத்தலீனா அகுவாதோ ஆகிய இருவரும் 1975 ஜனவரியில், மிச்சொவாகான் பகுதியில் பத்தாயிரம் அடி உயர மலையில் அந்த மரங்களைக் கண்டார்கள். கிளையெல்லாம் பூச்சி, தண்டெல்லாம் பூச்சி, தரையெல்லாம் பூச்சி. இதில் ஒரு வேடிக்கை: ப்ரக்கருக்கு நிறம் பிரித்தறியும் பார்வை கிடையாது. உலகத்தின் மிகப் பெரிய ஆரஞ்சு வர்ணக் காட்சியைக் கண்டவருக்கு அந்த ஆரஞ்சு தெரியவில்லை!

மறு வருஷம் அர்கார்ட் தாமே மலையேறினார். அவர் கண்ணெதிரே பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. அரைக் கிராம் பூச்சிகள், பாரம் தாங்காமல் கிளை முறிகிறது என்றால் எத்தனை இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விழுந்த குவியலில் ஒன்றின் இறக்கையில் வில்லை ஒட்டியிருந்தது. மின்னஸோட்டா மாகாணத்தில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒட்டியனுப்பிய வில்லை அது.

உள்ளூர் ஜனங்களுக்கு இது ரகசியமே அல்ல. நவம்பர் முதல் வாரம், இறந்தவர்களை நினைத்துக் கும்பிடும் பண்டிகையையொட்டி இவை வந்து சேரும். முன்னோர்களின் ஆவிகளே வருகின்றன என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

ஏக்கரில் அளக்கும் கணக்கு

இத்தனை பூச்சிகளை எப்படி எண்ணுவது? எண்ணுவதில்லை. மரங்களில் அவை அடைந்திருக்கும் பரப்பை ஏக்கர் கணக்கில் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் அது சுமார் 45 ஏக்கர். 2013-14-இல் ஒன்றே முக்கால் ஏக்கர்கூட இல்லை. நடுவில் ஒரு வருஷம் 15 ஏக்கர் வரை ஏறி ஆசை காட்டிவிட்டு, 2023-24-இல் 2.2 ஏக்கருக்கு இறங்கியது. அடுத்த குளிர்காலத்தில் 4.4. இந்த இனத்தின் பிரயாணம் நிலைத்திருக்க 15 ஏக்கராவது வேண்டும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

மெக்ஸிகோவில் மரம் வெட்டுவதுதான் காரணம் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அதில் உண்மை உண்டு. 'ஓயமெல்' என்ற ஊசியிலை மரக்காடு பூச்சிகளுக்குக் கம்பளியும் குடையுமாக இருக்கிறது. மரத்தை வெட்டினால் கூரையில் ஓட்டை. மழையில் நனைந்த பூச்சி அன்றிரவே குளிரில் உறைந்து சாகும். 2000-ஆம் வருஷம் மெக்ஸிகோ சர்க்கார் அங்கே பெரிய காப்பகத்தை ஏற்படுத்தியது. வெட்டுவது வெகுவாகக் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்து பிறகு காட்டின் காவலராக மாறிய ஒமேரோ கோமஸ் கொன்ஸாலெஸ் என்பவர் 2020 ஜனவரியில் காணாமல் போய், இரண்டு வாரம் கழித்து ஒரு கிணற்றில் பிணமாகக் கிடைத்தார்.

ஆனால் காட்டைக் காத்தும் பூச்சி ஏறவில்லையே! காரணம் ஆயிரம் மைலுக்கு வடக்கே, அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் இருந்தது. அந்த வயல்களில் வரிசைகளுக்கு நடுவே மில்க்வீட் களையாக முளைத்துக்கொண்டிருந்தது. 1996 முதல், களைக்கொல்லி மருந்தைத் தாங்கும் விதைகள் வந்தன: முதலில் ஸோயா, பிறகு சோளம். வயல் முழுவதும் மருந்தைத் தெளிக்கலாம். பயிர் நிற்கும், மற்றதெல்லாம் சாகும். 1999-க்கும் 2010-க்கும் இடையே மத்திய மேற்குப் பிரதேசத்தில் மில்க்வீட் 58 சதவீதம் குறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். விவசாயி எந்தக் குற்றமும் செய்யவில்லை. தன் வயலில் களை எடுத்தான். அதைத்தான் அவன் பாட்டனும் செய்தான். பாட்டன் கையில் மண்வெட்டி இருந்ததால் பாதிக் களை தப்பித்தது.

கூட்டமே காவல்

நாரைக்கும் பூச்சிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 2002 ஜனவரியில் மெக்ஸிகோ மலையில் மழையும் கடுங்குளிரும் சேர்ந்து வந்து, முக்கியமான முகாம்களில் முக்கால் பங்குப் பூச்சிகளைக் கொன்றுவிட்டன. செத்தவை கோடிக்கணக்கில். ஆயினும் அடுத்த குளிர்காலத்தில் 18 ஏக்கருக்கு மேல் அடைந்திருந்தன. ஒரு பெண் பூச்சி முந்நூறு முட்டைக்கு மேல் இடும். கோடையில் மூன்று நான்கு தலைமுறை. செடி இருந்தால் ஒரே வருஷத்தில் நஷ்டம் ஈடாகிவிடும். நாரைக் கூட்டத்தில் முக்கால் பங்கு ஓர் இரவில் செத்தால் மீள அரை நூற்றாண்டு ஆகும்.

அதையே திருப்பிப் பாருங்கள். 21 நாரைகளிலிருந்து மீள முடிந்தது. மொனார்க்கின் மற்றொரு பிரிவு, ராக்கி மலைக்கு மேற்கே உள்ளது, கலிபோர்னியா கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 1980-களில் அது லட்சக்கணக்கில் இருந்தது. 2020-இல் தொண்டர்கள் தோப்புத் தோப்பாக எண்ணியபோது 2,000-கூட இல்லை. அடுத்த வருஷமே இரண்டரை லட்சத்துக்கு ஏறியது; 2024-இல் மறுபடி 9,000 சொச்சத்துக்கு விழுந்தது. 2,000 நாரை என்றால் ஊரே விழாக் கொண்டாடும். 2,000 பூச்சி என்றால், ஒரு புயல், ஒரு வறட்சி, கதை முடிந்தது. புயலுக்கும் பறவைக்கும் பறிகொடுத்தது போக மிஞ்ச வேண்டுமென்றால் பூச்சி கோடியில் இருந்தாக வேண்டும்.

சரி, நாரையைப் போலப் பூச்சியையும் கையில் வளர்த்து விட்டால் என்ன? அமெரிக்காவில் நல்ல மனம் படைத்த பலர் அதைத்தான் செய்கிறார்கள். வீட்டுக் கூண்டில் புழுவை வளர்த்து, பூச்சியானதும் பறக்கவிடுகிறார்கள். ஆனால் 2019-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில், வீட்டுக்குள் வளர்ந்த பூச்சிகள் தெற்கு நோக்கித் திரும்பத் தவறின. வெளியே சில நாள் வெயிலில் பறந்தால் திசையறிவு திரும்பிவிடும் என்று 2021-இல் கனடாவில் வேறொரு ஆராய்ச்சி சொன்னது. வாதம் ஓயவில்லை. தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கும் வெப்பநாட்டு மில்க்வீட்டும் இப்படித்தான். தெற்கு மாகாணங்களில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் பச்சையாக நிற்பதால், சில பூச்சிகள் மெக்ஸிகோ போகாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன; ஒரே செடியில் தலைமுறை தலைமுறையாக ஒட்டுண்ணி நோய் பரவுகிறது. நாரையைப் பிழைக்கவைத்த கைவளர்ப்பு பூச்சி விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமாகிவிட்டது.

சட்டத்திலும் இதே சிக்கல். நாரையை 1967-லேயே அழிவை எதிர்நோக்கும் பிராணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கூடு இருக்கும் வனம் ஒன்று, குளிர்கால இருப்பிடம் ஒன்று. வேலி போடுவது சுலபம். மொனார்க்கைப் பட்டியலில் சேர்க்கும் யோசனையை அமெரிக்க சர்க்கார் 2024 டிசம்பரில்தான் வெளியிட்டது. முக்கியமான வாழிடம் என்று அதில் குறித்தது கலிபோர்னியாத் தோப்புகளில் 4,395 ஏக்கரை மட்டும். செடி முளைக்க வேண்டிய சோள நாட்டில் எங்கே கோடு கிழிப்பது? குடியானவன் ஒவ்வொருவன் வரப்பிலும் அல்லவா கிழிக்க வேண்டும்! மறுபடி முளைக்க வேண்டிய மில்க்வீட் செடிகளின் தொகை நூறு கோடிக்கு மேல் என்கிறார்கள்.

ஆகவே வரப்பை விட்டுவிட்டுச் சாலையைப் பிடித்திருக்கிறார்கள். டெக்ஸாஸிலிருந்து மின்னஸோட்டா வரை, பூச்சி போகும் வழியிலேயே சுமார் 1,500 மைல் ஓடும் 35-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கிறது. அதன் ஓரங்களில் மில்க்வீட்டும் பூச்செடிகளும் வளர இடம் கொடுப்பது என்று ஆறு மாகாணங்களின் சாலை இலாகாக்கள் 2016-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. 2020-இல் மின்சாரக் கம்பெனிகளும் தங்கள் கம்பிகளுக்குக் கீழேயுள்ள நிலத்தில் இதே ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. நாரைகள் மோதிச் சாவதும் அதே மாதிரிக் கம்பிகளில்தான்.